சம்மந்தி வீட்டுக்குப் படம் பார்க்கப் போனது

சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு ஒன்று இருக்கிறது. அந்தப் படங்களில் உம்மாமார் உயிரோடு இருப்பதில்லை. படம் தொடங்கி, நான் கதிரையில் ஒழுங்காகச் சாய்ந்து இருப்பதற்குள் ஏதாவது ஒரு விபத்திலோ தீயிலோ அவள் செத்துப்போகிறாள். மகன் மலை உச்சியில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்துகிறான். அதற்குப் பிறகுதான் அவனுக்குப் பறக்க வருகிறது. உம்மா உயிரோடு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த உடுப்போடு எங்கே போகிறாய், சாப்பிட்டாயா, மழைக்குள் பறந்தால் தடிமன் பிடிக்காதா என்று வாசலில் மறித்துக் கேட்டிருப்பாள். உலகத்தைக் காப்பாற்றுகிற நேரம் தப்பிப் போயிருக்கும். கதை எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் முதல் வேலையாக அவளை முடித்துவிடுகிறார்கள்.

இதைச் சொன்னபோது என் மகன் தரையில் புரண்டு சிரித்தான். "உம்மா, நீங்க படம் எடுத்தா வில்லனும் சோறு திண்டுட்டுத்தான் அடிபட வருவான்" என்றான். அவனுக்குக் கலியாணமாவதற்கு முன்னால் சிரித்த சிரிப்பு அது.

நான் சாய்ந்தமருதில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். எனக்குச் சண்டைப் படப் பைத்தியம் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வகுப்பில் என் கதை முடிந்தது. வீட்டில் அந்தப் பைத்தியத்துக்குக் கூட்டாளி மகன் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, எல்லாரும் சாப்பிட்டு, மீன் வியாபாரத்துக்காக விடியுமுன் எழும்பிப் போகிற என் கணவர் கட்டிலில் சாய்ந்து குறட்டையைத் தொடங்கியதும், மகன் பென் ட்ரைவை டீவியில் செருகுவான். மேலுக்கு ஒன்றும் போடாமல் சாரனோடு தரையில் குப்புறப் படுப்பான். நான் கதிரையில் இருந்துகொண்டு அவன் முதுகில் காலை நீட்டி வைத்துக்கொள்வேன். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை எங்களை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது.

எனக்குப் பிடித்தவை குங்பூ வகைச் சண்டைகள். அதிலும் கம்பியில் கட்டித் தூக்குகிற சண்டை எனக்கு ஆகாது. மனிதன் அடித்தால் களைக்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், உதைத்த காலைப் பிறகு தடவிக்கொள்ள வேண்டும். சமையலறைக்குள் நடக்கிற சண்டை என்றால் எழும்பி நின்றே பார்ப்பேன். சட்டியாலும் மூடியாலும் அகப்பையாலும் ஒருவன் நாலு பேரைச் சமாளிக்கிறான் என்றால் அது நம்பக்கூடிய விஷயம். ஆனால் ஒவ்வொரு படத்திலும் வருகிற அந்த வெள்ளைத் தாடி வாத்தியாரைக் கண்டால் எரிச்சல் வரும். மாதக்கணக்கில் வாளியில் தண்ணீர் அள்ளச் சொல்வார். அள்ளினால் உதைக்க வந்துவிடுமாம். நானும் வாழ்நாளெல்லாம் கிணற்றில் தண்ணீர் அள்ளியவள்தான், எனக்கு ஒரு உதையும் வரவில்லை. தமிழில் குரல் கொடுக்கிறவர்களை நினைத்தால் இன்னும் கோபம். சீனத்து மலையில் தவமிருக்கிற கிழவர் வாயைத் திறந்து சென்னைப் பேட்டைத் தமிழ் கதைக்கிறார்.

மகனுக்குப் பறக்கிற ஆட்களும் பிடிக்கும். அவனுக்காக அந்தப் படங்களையும் பார்த்தேன். எத்தனை நகரங்களை இடித்துத் தள்ளுகிறார்கள்! யார் கூட்டி அள்ளுவது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. அப்படி ஒரு படத்தில் கடல் எழும்பியது. கட்டடங்களுக்கு மேலே கறுப்பாக வந்து நின்ற அலையை, சாம்பல் நிற உடுப்புப் போட்ட ஒருவன் இரண்டு கைகளையும் நீட்டித் தடுத்துப் பிடித்தான். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். சுனாமி அன்று எனக்கும் இரண்டு கைகள்தான் இருந்தன. ஒன்றில் மகள், மற்றதில் இவன். பக்கத்து வீட்டுப் பிள்ளை என் உடுப்பைப் பிடித்தது, பிறகு பிடி விட்டுப்போனது. குசினியில் சும்மா ஒரு கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன். முன்னறையில் படத்தின் சத்தம் நின்றது. மகன் வந்து ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தான். அந்தப் படத்தின் முடிவு எங்கள் இருவருக்கும் இன்னும் தெரியாது. எனக்கு அவன் மகன் மட்டுமல்ல, படத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாமலே தெரிந்த ஆள். அப்படி ஒரு ஆளை எங்கே தேடுவது?

எங்கள் பக்கத்தில் கலியாணத்தோடு பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் போவான். நாங்கள் இருக்கிற வீடு மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. மகளின் மாப்பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த தாம்போதிப் பாதையால் போகிற சவளக்கடையிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார், அவர்களுக்கு ஒரு கைக்குழந்தையும் இருக்கிறது. என் மகன் மருதமுனையில் கலியாணம் முடித்து அங்கே போய்விட்டான். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்கு என்ன தூரம்? கல்முனை ரவுண் கடைத்தெருவில் நெரிசல் இல்லையென்றால் பஸ்ஸில் ஏறி இறங்குகிற நேரம்தான். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற உம்மாமாருக்கு அழுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மருதமுனைக்குப் போன மகனை நினைத்து அழுதால் ஊர் சிரிக்கும். ஆகவே நான் அழவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் காலை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் இருந்தேன்.

அவன் வராமலில்லை. மனைவியோடு வருவான். இஸ்திரி போட்ட சேர்ட்டோடு கதிரையில் நிமிர்ந்து இருப்பான். பிறந்து வளர்ந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இரண்டு பிஸ்கட்டை எடுத்துக் கடிப்பான். மருமகள் நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை, அவளுக்கு அடிதடி ஆகாது. ஒருமுறை போகிற நேரத்தில் பென் ட்ரைவை என் கையில் வைத்தான். மீன் சந்தையில் வேலை செய்கிற ஒரு பெண் ஊர்ச் சண்டியர்களோடு தனியாக மோதுகிற படமாம், புதியதாம். "எனக்கு முன்ன பாத்துராதீங்க உம்மா. அடுத்த வெள்ளி தனிய வாறன். சேந்து பாப்பம்" என்றான்.

அடுத்த வெள்ளி மனைவி வீட்டாரோடு எங்கேயோ போக வேண்டி வந்தது. அதற்கடுத்த வெள்ளியும் ஏதோ ஒன்று. பென் ட்ரைவ் டீவிக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. மூன்றாவது வெள்ளி, அவன் வரமுடியாவிட்டால் நான் போகிறேன், இதில் என்ன இருக்கிறது என்று யோசித்து, பென் ட்ரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்பது மருதமுனை வாசலில் நின்றபோதுதான் விளங்கியது. மாப்பிள்ளையின் உம்மா, கணவர் துணையில்லாமல், சொல்லாமல், கையில் ஒரு பழச் சீப்புக்கூட இல்லாமல் சம்மந்தி வீட்டுக்கு வந்தால் அதற்கு எங்கள் ஊர்களில் ஒரே ஒரு அர்த்தம்தான். ஏதோ பெரிய முறைப்பாட்டோடு வந்திருக்கிறாள்! அதை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தவள் நான். அன்று படம் பார்க்கிற ஆசையில் மூளை வேலை செய்யவில்லை.

சம்மந்தி கதவைத் திறந்து, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். "வாங்க மச்சி, இரிங்க. மச்சான் வரல்லயா?"

"இல்ல. சும்மாதான் வந்தன்" என்றேன்.

அதுதான் நான் செய்த பெரிய பிழை. சும்மா வந்தேன் என்றதும் அவள் முகம் வெளிறிவிட்டது. உள்ளே போனாள். குசுகுசு என்று பேச்சு. கொல்லையில் ஒரு கோழி கத்தியது. சம்மந்திக்காரர் புதுச் சாரனை உடுத்து, தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து எனக்கு எதிரே இருந்து தொண்டையைச் செருமினார். "என்னவா இருந்தாலும் கதைச்சுத் தீத்துக்கலாம் மச்சி. பிள்ளையள் சின்னஞ் சிறுசுகள்" என்றார். தறி வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர், என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மருமகள் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்று, கண் கலங்கி, "மாமி, நான் ஏதும் பிழை செஞ்சனா?" என்றாள். அந்த இடத்தில் கைப்பையைத் திறந்து, இல்லை மகள், நான் உன் மாப்பிள்ளையோடு சண்டைப் படம் பார்க்க வந்தேன் என்று சொல்ல எந்தப் பொம்பளைக்கு வாய் வரும்?

மகன் அறையிலிருந்து வந்தான். கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிய சேர்ட். வெள்ளிக்கிழமை பின்னேரம், தான் இருக்கிற வீட்டில்! என் கண்ணைப் பார்த்தான், கைப்பையைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்குகிறானா அழுகையை அடக்குகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. கோழிக்கறியோடு சோறு திண்ண வைத்துத்தான் விட்டார்கள். நல்ல துண்டையெல்லாம் சம்மந்தி என் கோப்பையில் போட்டாள். சாப்பாடு முடியும் வரை சம்மந்திக்காரர் டீவியில் செய்தியை வைத்துவிட்டு, நான் முறைப்பாட்டை எப்போது தொடங்குவேன் என்று காத்திருந்தார்.

வாசலுக்கு வழியனுப்ப வந்தபோது மகன் மெதுவாகக் கேட்டான். "படத்துக்கா வந்தீங்க?"

"ஓம்."

"இஞ்ச ஏலா உம்மா. டீவி மாமாட. நான் படம் பாக்கிறண்டா ரூமுக்குள்ள போன்லதான், இயர்போன் போட்டு."

"சத்தமா சிரிக்கவும் ஏலாதா?"

அவன் ஆட்டோ ஒன்றுக்குக் கை காட்டினான். "நீங்க பாருங்க உம்மா. நான் பொறகு பாக்கிறன்" என்றான்.

"பாக்கமாட்டன்" என்றேன். ஆட்டோ வந்தது. ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் முன்னறையில் என் கணவரும் என் கூடப்பிறந்த மூத்தவரான காக்காவும் இருந்தார்கள். மருதமுனையிலிருந்து எனக்கு முன்னால் போன் வந்துவிட்டது. என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். படம் பார்க்கப் போனேன் என்றேன். காக்கா எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கணவர் அன்று இஷா தொழுகை வரைக்கும் நினைத்து நினைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது நடந்து ஒரு கிழமை. அடுத்த வெள்ளி காலையில் மகன் போனில் கூப்பிட்டான். இன்றைக்கும் வர ஏலாது, மனைவியின் தங்கையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், தான் இல்லாமல் சரிவராது என்றான். "நல்லது மகன். நில்லுங்க, நிக்கத்தான் வேணும்" என்றேன். போனை வைத்துவிட்டுச் சமைத்தேன். வானம் இருண்டுகொண்டு வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, மழைக்கு முன் உடுப்புகளை எடுக்கலாம் என்று கிணற்றடிக்குப் போனேன்.

அங்கே தென்னை மரத்துக்குக் கீழே, கவிழ்த்த வாளியில் என் மருமகன் இருந்தார். காதில் இயர்போன். கையில் போன். அதில் யாரோ யாரையோ உதைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் களவாகச் சிகரெட் பிடித்த பிள்ளை மாதிரி எழும்பிப் போனைப் பின்னால் மறைத்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டேன். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் அதிகமில்லை. நான் முன்னறையில் இருந்தால் அவர் அங்கே வரமாட்டார். அதை மரியாதை என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் மகன் இஞ்ச இரிக்கீங்க?"

"பிள்ள தூங்குது மாமி. உங்கட மகளும் தூங்கிறா. சத்தம் வரும் எண்டு."

"இயர்போன்தானே போட்டிரிக்கீங்க."

"சண்ட வந்தா என்னையறியாமக் கத்திருவன் மாமி" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து இந்த மனிதன் வெள்ளிக்கிழமைகளில் எங்கே இருந்தார் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. முன்னறை எனக்கும் என் மகனுக்கும் சொந்தமாக இருந்தது. மகன் போன பிறகு அது என் கவலைக்குச் சொந்தமாக இருந்தது. இவர் வாளியில் இருந்தார்.

"உள்ள வாங்க" என்றேன். "டீவியில பாப்பம்."

பென் ட்ரைவைச் செருகும்போது மகனுக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் குத்தியது. செருகினேன். மருமகன் கதவுக்குக் கிட்டவுள்ள கதிரையின் நுனியில் இருந்தார். மீன் சந்தைப் பெண் முதல் சண்டையிலேயே ஐஸ் கட்டி சிதறிய தரையில் இரண்டு பேரைச் சாய்த்தாள். நல்ல சண்டை. ஆனால் மீன் வெட்டுகிற கத்தியை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை என்று நான் சொன்னேன். வழுக்கினால் முதலில் போவது அவளுடைய விரல்தான். மருமகன் மெல்லச் சிரித்தார். பிறகு ஆற்றோரச் சேற்றுக்குள் ஒரு சண்டை வந்தது. "இது பொய் மாமி. சேத்துக்குள்ள இப்பிடிச் சுழல ஏலா. கால் புதைஞ்சிரும். நான் வயலுக்குள்ள சண்ட புடிச்சவன், எனக்குத் தெரியும்" என்றார். அதற்குள் கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்தார்.

எந்தப் படம் அதிகம் பிடிக்கும் என்று கேட்டேன்.

"பறக்கிற ஆக்கள்ற படம்தான் மாமி."

"அதில என்ன இரிக்கி? பாரமே இல்லாத சண்ட."

"சண்டைக்கு இல்ல. நினைச்ச உடன வீட்ட போயிட்டு வரலாமே" என்றார். சொன்ன பிறகுதான் எங்கே இருந்து சொல்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது போல. மறுபடியும் கதிரையின் நுனிக்கு நகர்ந்துகொண்டார்.

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. சவளக்கடையிலிருந்து அவருடைய உம்மா. வயது போனவ, காது மந்தம், போனில் கத்தித்தான் கதைப்பா. மழை வரப்போகுது, கிட்டங்கித் தாம்போதிக்கு மேல தண்ணி ஏறினாப் பாதை இல்ல, இண்டைக்கு வருவியா மகன் என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. மருமகன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்ல உம்மா, மாமியோட படம் பாக்கிறன்" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து முதலில், "ஆ, மாமியோடயா?" என்று கேட்டது. பிறகு, "நல்லது மகன். பாருங்க, பாருங்க" என்றா.

அந்த நல்லது எனக்குத் தெரியும். அன்று காலையில் நானும் அதைத்தான் சொன்னேன்.

படத்தை நிறுத்தினேன். "மகன், எழும்புங்க. தாம்போதியில தண்ணி ஏற முன்ன போய் உம்மாவப் பாத்துட்டு வாங்க."

"பரவால்ல மாமி, நாளைக்குப் போறன். அவ மாட்டப் பத்தித்தான் கதைப்பா."

"அப்ப மாட்டப் பத்திக் கதைச்சிட்டு வாங்க. தண்ணி ஏறினா அங்கயே நில்லுங்க. நான் மகளுக்குச் சொல்றன்."

அவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்த வேகத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நல்ல காரியம் செய்தேன் என்ற நிம்மதி எதுவும் எனக்கு வரவில்லை. கையில் கிடைத்த ஒரு கூட்டாளியையும் நானே அனுப்பிவிட்டேன் என்ற எரிச்சல்தான் வந்தது. மழை தொடங்கியது.

மருதமுனைச் சம்மந்தியை நினைத்தேன். கெட்ட மனுசி இல்லை. என் மகன் என்னோடு கதைக்கிற நேரங்களில் அவளும் பக்கத்தில் நின்றிருப்பாள், அவளுக்கும் போனில் என் குரல் கேட்டிருக்கும். ஆனால் என்ன கேட்டிருக்கும்? நான் ஒரு பிசிறும் இல்லாமல் நல்லது மகன் என்று சொல்கிறவள். அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் விளங்கிவிடக் கூடாது என்று அவ்வளவு கெட்டித்தனமாகச் சொல்கிறவள். பிறகு எப்படி யாராவது அவனை எழுப்பி என்னிடம் அனுப்புவார்கள்?

போனை எடுத்து அவனுக்கு அடித்தேன். ஆட்கள் கதைக்கிற சத்தத்துக்குள்ளிருந்து விலகி வந்து எடுத்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன உம்மா? ஏதும் பிரச்சினயா?"

"ஓம் மகன், பிரச்சினதான்" என்றேன். "எனக்கு உன்னப் பாக்கோணும்."